ஷேர்டு ஃபோல்டரா, சாம்பாவா, விர்ட்டியோ-எஃப்எஸ்ஸா?

விண்டோஸ் ஹோஸ்ட் (நிஜக் கணினி), உள்ளே விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளில் உபுண்டு லினக்ஸ் கெஸ்ட் (அதற்குள் ஓடும் விர்ச்சுவல் மெஷின், அதாவது விஎம்). ஃபைல் பகிர வேண்டுமென்றால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது விர்ச்சுவல்பாக்ஸின் சொந்த ஷேர்டு ஃபோல்டர்தான். நெட்வொர்க் வேலையே கிடையாது. கெஸ்ட் அடிஷன்ஸ் (கெஸ்ட்டுக்குள் நிறுவும் விர்ச்சுவல்பாக்ஸின் துணை மென்பொருள்) போட்டு, செட்டிங்ஸில் ஃபோல்டரைக் காட்டி, ஆட்டோ-மவுண்ட்டை டிக் செய்தால் மீடியா ஃபோல்டருக்குள் வந்துவிடும். திறந்தால் 'பெர்மிஷன் டினைட்' வரும். அது வீபாக்ஸ்எஸ்எஃப் என்ற குரூப்புக்கு உரியது என்பதால். உங்கள் யூசரை அந்தக் குரூப்பில் சேர்த்து, லாக்-அவுட் செய்து திரும்ப வாருங்கள். புது டெர்மினல் திறப்பது மட்டும் போதாது.

பிடிஎஃப், படம், ஐஎஸ்ஓ கைமாற்ற இதற்கு மேல் எதுவும் வேண்டாம். கோடு வைத்து ஓட்டினால்தான் வினை. சிம்லிங்க் (வேறு ஃபைலைச் சுட்டும் குறுக்குவழி) உருவாக்குவது பாதுகாப்பு கருதி இயல்பாகவே முடக்கப்பட்டிருப்பதால் ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை இறக்கும் என்பிஎம் இன்ஸ்டால் பாதியில் நிற்கும். விண்டோஸில் ஃபைலை சேவ் செய்தாலும் ஃபைல் மாற்றங்களைக் கவனிக்கும் கெஸ்ட்டின் ஐநோட்டிஃபைக்குச் செய்தி போகாது, ஆகவே ஆட்டோ-ரீலோட் அசையாது. போலிங் முறைக்கு (ஃபைல்களை அடிக்கடி தானே போய்ச் சோதிப்பது) மாற்றலாம், சிபியு தின்னும். எரிச்சலில் முதலிடம் மூன்றாவதற்கு: சிஎஸ்எஸ்ஸைத் திருத்தியிருப்பீர்கள், பிரவுசரில் பழையதே வரும், கேஷை எத்தனை முறை அழித்தாலும். குற்றவாளி, என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் ஃபைலை அனுப்பப் பயன்படுத்தும் சென்ட்ஃபைல் வசதி. கான்ஃபிக்கில் அதை 'ஆஃப்' செய்தால் தீரும்.

விண்டோஸ் ஃபோல்டரை ஷேர் செய்து கெஸ்ட்டில் சிஐஎஃப்எஸ் (எஸ்எம்பி எனும் விண்டோஸின் நெட்வொர்க் ஃபைல் பகிர்வு முறை; லினக்ஸில் அதற்கான சர்வர்தான் சாம்பா) மவுண்ட் செய்வது அடுத்த வழி. சிஐஎஃப்எஸ்-யூட்டில்ஸ் பேக்கேஜ் இல்லாவிட்டால் 'பேட் சூப்பர்பிளாக்' என்று சம்பந்தமில்லாத எரர் வந்து குழப்பும். மவுண்ட் செய்யும்போது யுஐடி, ஜிஐடி (யூசர், குரூப் எண்கள்) கொடுக்க மறந்தால் எல்லாமே ரூட் பெயரில் நிற்கும். அடிஷன்ஸை நம்பியிருக்க வேண்டாம் என்பது லாபம். ஆனால் ஐநோட்டிஃபை சிக்கல் இங்கேயும் அப்படியே இருக்கிறது.

ஹோஸ்ட்டே லினக்ஸ் என்றால், கேவிஎம் (லினக்ஸ் கெர்னலின் சொந்த விர்ச்சுவல் மெஷின் வசதி) பயன்படுத்துகிறவர்கள் யோசிக்காமல், ஹோஸ்ட் ஃபோல்டரை நேரடியாக கெஸ்ட்டுக்குத் தரும் விர்ட்டியோ-எஃப்எஸ் பக்கம் போகலாம். கெர்னல் 5.4 முதல் உண்டு; இதே வேலையைச் செய்யும் பழைய 9பி-யைவிட வேகம். கேவிஎம் மெஷின்களை நிர்வகிக்கும் விர்ட்-மேனேஜரின் மெமரி பகுதியில் ஷேர்டு மெமரியை ஆன் செய்யாவிட்டால் மெஷின் பூட்டே ஆகாது.

விண்டோஸ் ஹோஸ்ட்டில் கோடு எழுதுகிறவர்களுக்கு என் ஓட்டு சாம்பாவுக்கு, ஆனால் திசையைத் திருப்பி. கோடு கெஸ்ட்டின் டிஸ்கிலேயே இருக்கட்டும். உபுண்டுவில் சாம்பா சர்வர் போட்டு, அதை விண்டோஸில் நெட்வொர்க் டிரைவாக இணையுங்கள். எடிட்டர் சேவ் செய்வதை கெஸ்ட்டுக்குள் இருக்கும் சாம்பாவே லோக்கல் டிஸ்கில் எழுதுகிறது. அதனால் சிம்லிங்க், ஐநோட்டிஃபை, சென்ட்ஃபைல் மூன்றும் ஒழுங்காக நடக்கும். இரண்டு இடத்தில் தடுக்கும். விர்ச்சுவல்பாக்ஸின் இயல்பான நெட்வொர்க் முறையான நேட் மட்டும் இருந்தால் ஹோஸ்ட்டால் கெஸ்ட்டை நேரடியாக எட்ட முடியாது. இரண்டாவது அடாப்டராக ஹோஸ்ட்-ஒன்லி (ஹோஸ்ட்டுக்கும் கெஸ்ட்டுக்கும் இடையிலான தனி நெட்வொர்க்) சேருங்கள், வழக்கமாக 192.168.56-ல் தொடங்கும் முகவரி கிடைக்கும். சாம்பா பாஸ்வேர்டு வேறு, லினக்ஸ் பாஸ்வேர்டு வேறு; smbpasswd கமாண்டில் தனியாக வைக்க வேண்டும்.

கோடின் மாற்றங்களைப் பதியும் கிட்டை மட்டும் விண்டோஸ் பக்கமிருந்து ஓட்டாதீர்கள், பெரிய ரெப்போவில் ஸ்டேட்டஸ் கேட்டாலே இழுக்கும். எஸ்எஸ்ஹெச்சில் (நெட்வொர்க் வழியே கெஸ்ட்டின் டெர்மினலைத் திறப்பது) உள்ளே போய் ஓட்டுங்கள். விஎம் அணைந்திருந்தால் டிரைவும் இருக்காது என்பதால், விண்டோஸ் பேக்கப்பில் இந்தக் கோடு சேருகிறது என்று நம்பிவிடாமல் ரிமோட்டுக்கு (வேறிடத்தில் இருக்கும் கிட் ரெப்போ) புஷ் செய்துவிடுங்கள்.