மாண்டிசோரியா, எல்கேஜியா?

மூன்று வயதுக் குழந்தையை எதில் சேர்ப்பது என்று தவிப்பவர்களுக்காக இது.

வகுப்பு: எல்கேஜியில் எல்லோரும் ஒரே வயது. மாண்டிசோரியில் இரண்டரை முதல் ஆறு வயது வரை ஒன்றாக இருப்பார்கள். ஐந்து வயது அக்கா பட்டன் போடுவதைப் பார்த்தே சின்னவன் கற்றுக்கொள்வான். சொல்லிக்கொடுக்கும் அவளுக்கும் அது நன்றாகப் பதியும். 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த மரியா மாண்டிசோரியின் முறையில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

எழுத்து: எல்கேஜியில் நோட்டு, வீட்டுப்பாடம். மாண்டிசோரியில் உப்புத்தாள் எழுத்தை விரலால் தடவிப் பழகிய பிறகே பென்சில்.

செலவு: மாண்டிசோரிக்குப் பெரும்பாலும் கூடுதல். அப்புறம், பெயர்ப்பலகையை மட்டும் நம்பாதீர்கள். கலப்பு வயது வகுப்புதானா என்று நேரில் பாருங்கள்.

மூன்று ஆண்டும் ஒரே பள்ளியில் இருக்க முடியும் என்றால் மாண்டிசோரி. இடையில் ஊர் மாறுவீர்கள் என்றால் எல்கேஜியே சரி.