கண்ணாடிக் குப்பியில் வரும் உலர் பீஃப்: எதற்கு வாங்கலாம், எதற்கு வேண்டாம்

அமெரிக்கப் பலசரக்குக் கடைகளில் டப்பா டூனா மீனும் ஸ்பாம் என்ற டப்பா இறைச்சியும் அடுக்கியிருக்கும் வரிசையில், பெரும்பாலும் கண்ணில் படாத கீழ்த்தட்டில், உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு கண்ணாடிக் குப்பி இருக்கும். உள்ளே கருஞ்சிவப்பு நிறத்தில், வட்ட வட்டமாக, ரொம்ப மெல்லிசாகச் சீவிய மாட்டிறைச்சி. ஆர்மர், ஹார்மல் என்ற இரண்டு பிராண்டிலும் கிடைக்கிறது. நான் இருக்கும் பென்சில்வேனியாவில் இது இல்லாத கடை குறைவு. இதை வெண்ணெயில் வதக்கி, மைதா தூவி, பால் ஊற்றிக் கெட்டியாக்கி, டோஸ்ட் மேல் ஊற்றிச் சாப்பிடும் கிரீம்டு சிப்டு பீஃப் செய்வதற்காக வாங்குகிறீர்களா, தைரியமாக வாங்குங்கள். சாண்ட்விச்சுக்குள் வைக்கலாம், ஜெர்க்கி (அப்படியே மெல்லும் உலர் இறைச்சி) மாதிரி கடிக்கலாம் என்று நினைத்தால் வேண்டாம், உப்பு தாங்காது.

முதலில் பொருள் என்ன என்று சொல்லிவிடுகிறேன். லேபிளைக் கவனித்துப் படித்தால் ஒரு விஷயம் தெரியும்: இந்தக் குப்பிகளில் வருவது பொதுவாக முழுத் தசையிலிருந்து நேராகச் சீவிய துண்டு இல்லை. இறைச்சியை நறுக்கி, அழுத்தி, ஒரே வடிவமாகச் சேர்த்து, உப்பும் சர்க்கரையும் சோடியம் நைட்ரைட்டும் ஏற்றி, உலர்த்தி, அப்புறம் சீவுகிறார்கள். அதனால்தான் எல்லாத் துண்டும் ஒரே அளவில், ஒரே வட்டத்தில் இருக்கிறது. இது ஏமாற்று வேலை கிடையாது, லேபிளிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் உப்புக்கண்டம் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் அந்த நார்நாரான கடியை எதிர்பார்த்துத் திறந்தால் இது வேறு ஒன்று என்று முதலிலேயே தெரிந்திருக்கட்டும். இது மென்மையானது, சாஸில் நனைந்ததும் இன்னும் மென்மையாகிவிடும். அந்தச் சமையலுக்கு அது பொருத்தம்தான்.

இந்தப் பதார்த்தத்தை அமெரிக்கர்கள் பலர் பட்டாளத்துச் சாப்பாடு என்றே நினைவில் வைத்திருக்கிறார்கள். டோஸ்ட் மேல் ஊற்றிக் கொடுத்த இதற்குச் சிப்பாய்கள் ஒரு கெட்ட வார்த்தைப் பெயர் வைத்தார்கள், அதைச் சுருக்கி எஸ்.ஓ.எஸ். என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். 1910-இல் வந்த அமெரிக்க ராணுவச் சமையல்காரர்களுக்கான கையேட்டிலேயே இதன் செய்முறை இருக்கிறது. 60 பேருக்கு 15 பவுண்டு உலர் பீஃப், ஒன்றரை பவுண்டு கொழுப்பு (முடிந்தால் வெண்ணெய் என்று குறிப்பு), ஒன்றே கால் பவுண்டு மாவு, ஆவியாக்கிய பால் (நீரை வற்றவைத்து டப்பாவில் அடைத்த பால்) இரண்டே இரண்டு டப்பா, மீதியெல்லாம் மாட்டெலும்புச் சாறு, கொஞ்சம் பார்ஸ்லி, மிளகு. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆளுக்குக் கால் பவுண்டு இறைச்சி வருகிறது, பால் என்று பார்த்தால் பெயருக்குத்தான். வீட்டுக்குள் வந்த பிறகு இது அப்படியே தலைகீழானது. 1930-களின் பொருளாதார மந்த காலத்திலும் அதற்குப் பிறகும் குடும்பங்கள் இறைச்சியைக் குறைத்துப் பாலையும் மாவையும் கூட்டிக்கொண்டன. இன்றைக்கு நாம் சாப்பிடுவது அந்த வீட்டு வடிவம்தான். என்னைக் கேட்டால் அதுதான் மேல். இந்த இறைச்சிக்கு இருக்கும் உப்புக்கும் வாசனைக்கும் ஆளுக்குக் கால் பவுண்டு என்பது தேவையே இல்லை.

ஒரு குழம்புச் சட்டிக்கு நாலு துண்டு கருவாடு போட்டால் வீடே மணக்குமே, அந்தக் கணக்கில் இந்தக் குப்பியைப் பாருங்கள். இறைச்சி என்று நினைத்து வாங்கினால் விலை கொள்ளை. சின்னக் குப்பி 2.25 அவுன்ஸ், கிட்டத்தட்ட 64 கிராம், என் ஊர்க் கடையில் 5 டாலரை ஒட்டி விற்கிறது. ஒரு பவுண்டுக்கு ஏழு குப்பி வேண்டும், அப்படியென்றால் பவுண்டு 35 டாலர்! அந்தக் காசுக்கு நல்ல ரிப்-ஐ ஸ்டேக்கே வாங்கிவிட்டு மிச்சமும் எடுத்துக்கொண்டு வரலாம். ஆனால் ருசி கொடுக்கும் சரக்கு என்று நினைத்து வாங்கினால் கணக்கு மாறிவிடுகிறது. ஒரு குப்பி, இரண்டு கப் பால், மூன்று மேசைக்கரண்டி வெண்ணெய், மூன்று மேசைக்கரண்டி மைதா, ஆறு துண்டு ரொட்டி: மூன்று பேர் வயிறு நிறையச் சாப்பிடலாம், ஆளுக்கு இரண்டரை டாலருக்குள் முடிந்துவிடும். மாதக் கடைசியில், வேலை முடிந்து வந்து பிரிட்ஜில் ஒன்றும் இல்லாத ராத்திரியில், இருபது நிமிடத்தில் சூடாக ஒரு சாப்பாடு. இதற்காகவே என் அலமாரியில் எப்போதும் இரண்டு குப்பி இருக்கும். திறக்காத வரைக்கும் பிரிட்ஜ் வேண்டாம், திறந்துவிட்டால் பிரிட்ஜில் வைத்து விரைவில் தீர்த்துவிட வேண்டும்.

உப்பு. இதைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும். குப்பியின் பின்னால் பாருங்கள், ஒரு பங்குக்கு ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் சோடியம், சின்னக் குப்பியில் ஏறக்குறைய இரண்டு பங்கு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2,300 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்பது அமெரிக்க அரசின் பரிந்துரை. ஆகவே ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது, எவ்வளவு அலசினாலும் சரி. மற்றவர்கள் கட்டாயம் அலச வேண்டும். சிலர் தண்ணீர்க் குழாயில் ஒரு காட்டு காட்டிவிட்டுப் போடுகிறார்கள், அது போதாது. துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சுருளாக இருக்கும், அதைப் பிரித்து, கை பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டு வைத்தால் துண்டு மெல்லிசு என்பதால் உப்பு சீக்கிரம் இறங்கிவிடும். தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும், அதைக் கொட்டிவிட்டு இன்னொரு தடவை அலசுங்கள். பிறகு ஒரு சின்னத் துண்டை வாயில் போட்டுப் பாருங்கள், இன்னும் சுருக்கென்று இருந்தால் மறுபடி வெந்நீர். ரொம்ப நேரமும் ஊறவிடக்கூடாது, அரை மணி நேரம் விட்டால் உப்போடு ருசியும் போய்விடும், அப்புறம் வெறும் மைதாக் கஞ்சிதான்.

அலசியதும் துணியிலோ டிஷ்யூவிலோ ஒற்றி ஈரத்தை எடுத்துவிடுங்கள். இதைத் தவிர்த்தால் அடுத்த கட்டம் வராது. விரல் அகலத்துக்கு நறுக்கிக்கொண்டு, அகலமான வாணலியில் மிதமான தீயில் வெண்ணெயை உருக்கி, துண்டுகளைப் போட்டு விடாமல் கிளறினால் இரண்டு மூன்று நிமிடத்தில் ஓரங்கள் சுருண்டு லேசாக மொறுமொறுக்க ஆரம்பிக்கும், வெண்ணெய் நுரைத்துக்கொண்டு ஒரு புகைந்த வாசம் வரும். அந்த வாசம்தான் முழுப் பதார்த்தமும். அவசரப்பட்டு இந்த இடத்தைச் சுருக்கினால் வெள்ளை சாஸில் மிதக்கும் ஈரத் துண்டுகள்தான் கிடைக்கும். இப்போது இறைச்சியை வெளியே எடுக்க வேண்டாம், அதன் மேலேயே மைதாவைத் தூவிக் கிளறுங்கள். ஒவ்வொரு மாவுத் துகளிலும் வெண்ணெய் படிந்துவிட்டால் பால் ஊற்றும்போது கட்டி தட்டாது, இந்தச் சமையலில் மந்திரம் என்று ஏதாவது இருந்தால் இது ஒன்றுதான். பச்சை மாவு வாசனை போக ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் வதக்கினால் போதும், நிறம் மாற வேண்டியதில்லை.

பாலை ஒரேயடியாகக் கொட்டக்கூடாது. முதலில் கால் கப், அது மாவோடு சேர்ந்து களி மாதிரி ஆகும், பயப்படாமல் கிளறுங்கள், அடுத்த கால் கப், அப்புறம் மீதி. அடியைச் சுரண்டிச் சுரண்டிக் கிளற வேண்டும், பால் அடிபிடித்தால் தீய்ந்த வாசம் முழுக்கப் பரவிவிடும், எதைப் போட்டும் மறைக்க முடியாது. கொதிக்கப் போகும் நேரத்தில்தான் மாவு கெட்டிப்படும், அதுவரை தண்ணீராக இருக்கிறதே என்று இன்னும் மாவு சேர்த்துவிடாதீர்கள். கரண்டியின் பின்பக்கம் படிந்து விரலால் கோடு போட்டால் கோடு நிற்கும் பதம் வந்ததும் இறக்கிவிடலாம், தட்டில் ஆறும்போது இன்னும் இறுகும். மிளகைத் தாராளமாக, கொரகொரப்பாக இடித்துப் போடுங்கள். உப்பு ஒரு சிட்டிகைகூட வேண்டாம். எனக்கு ஒரு துளி ஜாதிக்காய்த் தூளும் பிடிக்கும். பச்சைமிளகாயும் கறிவேப்பிலையும் தாளித்துச் செய்கிறேன் என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள், செய்யுங்கள், ஆனால் முதல் தடவையாவது மிளகோடு மட்டும் சாப்பிட்டுப் பாருங்கள். இது காரத்துக்கான சாப்பாடு கிடையாது, பாலும் வெண்ணெயும் உப்பிறைச்சியும் சேர்ந்து வயிற்றை இதமாக நிரப்புகிற சாப்பாடு.

வீட்டில் பால் இல்லையென்றாலும் நிற்க வேண்டாம். 12 அவுன்ஸ் ஆவியாக்கிய பால் டப்பா சரியாக ஒன்றரை கப், அதில் அரை கப் தண்ணீர் சேர்த்தால் இரண்டு கப் கணக்கு முடிந்தது. சொல்லப்போனால் சாஸ் இன்னும் வழவழப்பாக வருகிறது, லேசான இனிப்பும் சேர்கிறது, உப்பு இறைச்சிக்கு அது நல்ல ஜோடி. பனிப்புயல் அறிவிப்பு வந்து கடையில் பாலும் ரொட்டியும் காலியாகிவிடும் நாட்களில் குப்பியும் டப்பாவும் மைதாவும் அலமாரியில் இருந்தால் போதும்.

அடியில் என்ன வைப்பது என்பதில் பென்சில்வேனியா, மேரிலாந்து டைனர்களில் (சாதாரணச் சின்ன உணவகங்களில்) ஆளுக்கு ஒரு கட்சி. டோஸ்ட் பழைய வழக்கம், நன்றாக முறுகலாகச் சுட்ட ரொட்டி வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு நிமிடத்தில் ஊறிக் கூழாகிவிடும். பல டைனர்களில் காலைச் சாப்பாட்டில் வறுத்த உருளைக்கிழங்கின் மேல் ஊற்றித் தருகிறார்கள், என் ஓட்டு அதற்குத்தான். வேகவைத்து உடைத்த உருளைக்கிழங்கு ராத்திரிக்கு இன்னும் பொருத்தம், உருளைக்கிழங்குக்கு உப்பு போடாமல் விட்டுவிட்டால் சாஸின் உப்பை அதுவே இழுத்துச் சமன் செய்துவிடும். உறைந்த பட்டாணி ஒரு கைப்பிடி சேர்த்தால் குழந்தைகள் மறுபேச்சில்லாமல் சாப்பிடுகிறார்கள்.

குப்பிக்கு மாற்று உண்டா என்றால் மூன்று இருக்கிறது. ஒன்று, பட்டிக் போன்ற நிறுவனங்கள் விற்கும் 2 அவுன்ஸ் பிளாஸ்டிக் பாக்கெட். இதுவும் மெல்லிசாகச் சீவியது, ஆனால் உலர்த்தாதது, ஈரப்பதம் உள்ளது, விலை குப்பியில் பாதிகூட வராது. உப்பு குறைவு என்பதால் வெந்நீரில் போடாமலே சமைக்கலாம். உலர்ந்ததன் ஆழமான வாசம் இதில் வராது, ஓரம் மொறுமொறுக்கக் கூடுதல் நேரம் வாணலியில் விட வேண்டும். வாராவாரம் செய்கிறவர்கள், காசு இறுக்கமாக உள்ள மாணவர்கள், இதையே வாங்குங்கள், ஒன்றுக்கு இரண்டு பாக்கெட்டாகவே போடலாம். பிரிட்ஜில்தான் வைக்க வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

இரண்டாவது, பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பக்கத்துச் சந்தைகளிலும் பென்சில்வேனியா டச்சுக்காரர்களின் (பழைய ஜெர்மானியக் குடியேறிகளின் வழிவந்தவர்கள்) இறைச்சிக் கடைகளிலும் எடை போட்டுச் சீவித் தரும் உலர் பீஃப். தொடைப்பகுதியின் முழுத் தசையை உப்பில் போட்டுப் புகையூட்டி உலர்த்தியது. கடையில் "சிப் பண்ணிக் கொடுங்கள்" என்று கேட்டால் மெல்லிசாகவே சீவிக் கொடுப்பார்கள். குப்பியோடு இதை ஒப்பிடவே முடியாது, நார் தெரிகிறது, புகை மணக்கிறது, அலசும் வேலையும் குறைவு. விலை இதிலும் கூடத்தான், ஆனால் கால் பவுண்டு வாங்கினால் பெரிய சட்டி நிறையச் செய்யலாம். அந்தப் பக்கம் காரில் போகிறவர்கள் தவறவிடாதீர்கள்.

மூன்றாவது, உறைபெட்டியில் செய்தே வரும் ஒரு ஆள் சாப்பாடு, சூடாக்கினால் முடிந்தது. சமைக்க இடமே இல்லாத அறையில் இருப்பவர்களுக்கு அது உதவும். அடுப்பும் ஒரு வாணலியும் இருப்பவர்கள் அதற்குக் காசு கொடுக்க எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை, வாணலியில் இறைச்சியை வெண்ணெயில் சுருள வைக்கும் அந்த மூன்று நிமிடம் எந்தப் பெட்டியிலும் வராது.

மதிப்பெண் கேட்டால் குப்பிக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். ருசிக்கும் அலமாரியில் மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதற்கும் முழு மதிப்பெண், விலைக்கும் உப்புக்கும் வெட்டு. வாங்கும்போது சின்னக் குப்பியையும் பெரியதையும் அவுன்ஸ் விலையில் ஒப்பிட்டுப் பாருங்கள், தட்டில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டிலேயே சிறிய எழுத்தில் இருக்கும். இரண்டு மூன்று பேர் உள்ள வீட்டுக்குப் பெரியது வாங்கினால் மீதி பிரிட்ஜில் கிடக்கும், சின்னதே போதும். செய்த சாஸ் மிஞ்சினால் மறுநாள் வரை பிரிட்ஜில் தாங்கும், கட்டியாக இறுகியிருக்கும், இரண்டு கரண்டி பால் விட்டு மெல்லிய தீயில் கிளறிச் சூடாக்குங்கள். மைக்ரோவேவில் வைத்தால் ஓரம் கொதித்து நடுவில் குளிர்ந்தே இருக்கும்.