வீட்டு ரெக்கார்டிங்குக்கு மேக் மினியா, அசெம்பிள் செய்த பிசியா?

வீட்டில் ஓர் அறையை ஒதுக்கிப் பாட்டோ வாத்தியமோ பதிவு செய்ய நினைப்பவர்கள், கம்ப்யூட்டர் என்று வரும்போது பெரும்பாலும் இரண்டுக்கு நடுவில்தான் தயங்குகிறார்கள். ஒன்று, எம்4 சிப் உள்ள மேக் மினி. மற்றொன்று, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடத்தில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டுகிற விண்டோஸ் பிசி. பிசிக்கு உதாரணமாக, ஆறு கோர் (கணக்குப் போடும் தனித்தனிப் பகுதி) உள்ள ஏஎம்டி ரைசன் 5 7600 சிப்பை எடுத்துக்கொள்கிறேன். இந்த வேலைக்குக் காசுக்கேற்ற சிப் அது.

கேமிங், வீடியோ எடிட்டிங்குக்காக எழுதப்பட்ட ஒப்பீடுகளைப் படித்துவிட்டு இதில் முடிவெடுக்கக் கூடாது. அங்கே வேகம்தான் எல்லாம். இங்கே முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு: பாடும்போது இடறாமல் ஓடுமா, மைக் திறந்திருக்கும்போது சத்தம் போடாமல் இருக்குமா.

இடறலில் இருந்து தொடங்கலாம். மைக்கில் போன குரல் கம்ப்யூட்டரைச் சுற்றி ஹெட்போனுக்குத் திரும்ப எடுக்கும் நேரம்தான் லேட்டன்சி. 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியின் அளவீடு) எடுக்கும்போது, பஃபரை (சிப் ஒரு தடவைக்கு எடுத்துக்கொள்ளும் ஒலித்துண்டு) 256 சாம்பிள் என்று வைத்தால், ஒரு பஃபருக்கு 5.3 மில்லி வினாடி. உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று, டிரைவரும் (கருவியைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் மென்பொருள்) கன்வெர்ட்டரும் (ஒலியை எண்ணாகவும் எண்ணை ஒலியாகவும் மாற்றும் பகுதி) எடுத்துக்கொள்வது தனி. மொத்தம் 12-ஐத் தாண்டிவிடும். தாள வாத்தியக்காரருக்கு இது உடனே உறுத்தும். பஃபரை 64-க்கு இறக்கினால் ஒன்றுக்கு 1.3 மில்லி வினாடிதான், சுகமாக வாசிக்கலாம். ஆனால் அந்த 1.3 மில்லி வினாடிக்குள் சிப் தன் கணக்கையெல்லாம் முடித்தாக வேண்டும். ஒரு தடவை தவறினாலும் ‘டிக்’ என்று ஒரு வெடிப்பு, நல்ல டேக்கின் (ஒரு தடவைப் பதிவு) நடுவில் விழும்.

இந்த இடத்தில் கோர்களின் எண்ணிக்கையைவிட ஒற்றைக் கோரின் வேகம்தான் பேசும். ஒரு டிராக்கில் அடுத்தடுத்து மாட்டிய ஈக்யூ, கம்ப்ரஸர், ரிவெர்ப் போன்ற ஒலி எஃபெக்ட்கள் எல்லாம் வரிசையாகத்தான் ஓட முடியும். முதலாவது முடிக்காமல் இரண்டாவது தொடங்க முடியாது. அதனால் நேரலையில் பாடும் டிராக் முழுவதும் ஒரே கோரின் தலையில் விழுகிறது. ஒற்றைக் கோர் வேகத்தில் எம்4 முன்னால் நிற்கிறது. ரைசன் 7600 அதற்குப் பின்னால்தான், என்றாலும் வீட்டு வேலைக்குத் தாராளமாகப் போதும். அதனால் இந்தப் போட்டியைத் தீர்ப்பது சிப் இல்லை, டிரைவர்.

மேக்கில் ‘கோர் ஆடியோ’ என்ற ஒலி மென்பொருள் சிஸ்டத்தோடே வருகிறது. மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் யுஎஸ்பி இன்டர்ஃபேஸ் பெட்டிகளில் பெரும்பாலானவற்றைச் செருகினால் போதும், வேலை செய்யும். விண்டோஸில் லேட்டன்சியைக் குறைக்கும் ஏஎஸ்ஐஓ டிரைவர் வேண்டும். ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-ல் கொண்டுவந்த அந்த முறைதான் இன்றும் ஓடுகிறது. இன்டர்ஃபேஸ் செய்த நிறுவனமே எழுதிய ஏஎஸ்ஐஓ டிரைவர் இருந்தால் பிசியும் மேக்குக்குச் சளைத்ததில்லை. ஏஎஸ்ஐஓ4ஆல் மாதிரி பொது டிரைவரை நம்பும் மலிவு இன்டர்ஃபேஸ் என்றால், பஃபரை இறக்கும்போது திணறல் தொடங்கும். அப்புறம், பிசியில் இன்னொரு தலைவலி உண்டு. வைஃபை டிரைவரோ கிராபிக்ஸ் டிரைவரோ சிப்பைச் சில மில்லி வினாடி பிடித்து வைத்துக்கொண்டால், எவ்வளவு பெரிய சிப்பாக இருந்தாலும் ஆடியோ உடையும். லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருள் எந்த டிரைவர் குற்றவாளி என்று காட்டிக்கொடுக்கும். ரெக்கார்டிங் நேரத்தில் வைஃபையை அணைத்து வைப்பதிலேயே பாதி பிரச்சினை தீரும். இதற்கெல்லாம் உட்காரப் பொறுமை உள்ளவர்களுக்குத்தான் பிசி. பொறுமை இல்லையென்றால் மேக்கே நல்லது. அது ஒரு குறையும் இல்லை.

அடுத்தது சத்தம். நம் ஊர் வீடுகளில் இது பெரிய விஷயம். நுண்ணிய சத்தத்தையும் பிடிக்கும் கண்டன்சர் மைக் வைத்துப் பதிவு செய்யும்போது சீலிங் ஃபேனையும் ஏசியையும் அணைத்துவிடுகிறோம். அறை சூடாகிறது, கம்ப்யூட்டரின் ஃபேன் வேகமெடுக்கிறது, அதுவரை கேட்காத இரைச்சல் சரியாக அந்த நேரத்தில் மைக்கில் ஏறுகிறது. மேக் மினி இதில் தெளிவாக ஜெயிக்கிறது. 12.7 சென்டிமீட்டர் சதுரப் பெட்டி; உள்ளே ஃபேன் இருந்தாலும் சாதாரண ரெக்கார்டிங்கில் அதன் சத்தம் காதுக்கு எட்டுவது அபூர்வம். மேசை மேலேயே வைத்துக்கொள்ளலாம்.

பிசியையும் அமைதியாக்க முடியும், ஆனால் திட்டமிட்டு வாங்க வேண்டும். ரைசன் 7600-உடன் பெட்டியில் வரும் சிறிய கூலரை எடுத்துவிட்டு, 120 மில்லிமீட்டர் ஃபேன் உள்ள டவர் கூலர் போடுங்கள். பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றினாலே அதே காற்றைத் தரும். தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். 7600-க்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் இரண்டு மானிட்டருக்குப் போதும், ஒரு ஃபேனும் ஒரு டிரைவரும் மிச்சம். அதையும் மீறி சத்தம் கேட்டால் கேபினெட்டை அடுத்த அறைக்குத் தள்ளலாம். இன்டர்ஃபேஸை இணைக்கும் சாதாரண யுஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டர் வரை போகும்.

கடையில் இன்டெல்லைத்தான் முன்னால் தள்ளுவார்கள் என்பதால் ஒரு வார்த்தை. 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் சிலவற்றில் அதிக வோல்டேஜால் பழுதாகும் சிக்கல் இருந்ததை 2024-ல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு, மைக்ரோகோடு (சிப்புக்குள் ஓடும் மென்பொருள்) திருத்தமும் கூடுதலாக இரண்டு வருட வாரன்ட்டியும் கொடுத்தது. அவற்றைப் பழையதாக வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ராமில் நிலைமை தலைகீழ். மேக்கில் 16 ஜிபி என்று வாங்கினால் ஆயுளுக்கும் 16 ஜிபிதான், பின்னால் சேர்க்க முடியாது. குரல், வீணை, வயலின், தம்பூரா என்று பத்துப் பதினைந்து டிராக் பதிவு செய்பவருக்கு 16 போதும். ஆனால் கீபோர்டில் முழு ஆர்கெஸ்ட்ராவை எழுப்புகிறவர்கள் வேறு ஜாதி. சாம்பிள் லைப்ரரிகள் (பதிவு செய்த வாத்தியச் சுரங்களின் தொகுப்பு) ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்தையும் ராமில் ஏற்றி வைத்துக்கொண்டு மீதியை டிஸ்க்கில் இருந்து இழுக்கின்றன. ஸ்ட்ரிங்ஸ், பிராஸ், கோரஸ் என்று அடுக்கினால் 32 ஜிபியே கரைந்துவிடும். அவர்களுக்குப் பிசிதான் என்பது என் முடிவு. 2025 கடைசியில் ராம் விலை கண்டபடி ஏறியது உண்மை. அப்படி இருந்தும், இன்று 32 போட்டுவிட்டு விலை இறங்கும்போது 64-க்கு மாறும் வழி பிசியில் இருக்கிறது. அதே போர்டில் பின்னால் பெரிய ரைசனையும் மாட்டலாம். ஒன்று மட்டும் கவனம்: இந்த வகை போர்டில் நாலு ஸ்லாட்டையும் நிரப்பினால் ராமின் வேகம் குறையும். இரண்டு பெரிய ஸ்டிக்காகவே வாங்குங்கள்.

டிஸ்க் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மோனோ டிராக் வினாடிக்கு 144 கிலோபைட். பதினாறு டிராக் சேர்ந்தாலும் 2.3 மெகாபைட்தான், எந்த எஸ்எஸ்டியும் தூங்கிக்கொண்டே எழுதும். மேக்கின் 256 ஜிபி சீக்கிரம் நிறையும் என்பதுதான் உண்மையான தொல்லை. 24 ஜிபி ராம், 512 ஜிபி மாடல் 2024 அறிமுக விலையில் 99,900 ரூபாய். அடிப்படை மாடல் அப்போது 59,900. இடம் மட்டும்தான் பிரச்சினை என்றால் அடிப்படை மாடலோடு வெளி எஸ்எஸ்டி ஒன்று வாங்கிப் பாட்டுகளையும் லைப்ரரிகளையும் அதில் வைப்பது மேல்.

மின்சாரத்தைப் பலரும் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். வீட்டில் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் இருந்தால் கரண்ட் போன நேரத்தில் ஸ்பீக்கரில் இரைச்சல் வரலாம். சைன் வேவ் இன்வெர்ட்டர் நல்லது. எர்த் சரியில்லை என்றால் 50 ஹெர்ட்ஸ் ‘ம்ம்ம்’ வந்துகொண்டே இருக்கும், அதை எந்த பிளக்இன் மென்பொருளாலும் சுத்தமாக எடுக்க முடியாது. சும்மா இருக்கும்போது மேக் மினி ஒற்றை இலக்க வாட்தான் இழுக்கிறது என்பதால் சின்ன யுபிஎஸ்ஸே டேக் முடியும் வரை தாங்கும்.

ஏற்கெனவே ஓரளவு நல்ல விண்டோஸ் லேப்டாப் வைத்திருப்பவர்கள் இரண்டையும் இப்போதைக்கு வாங்க வேண்டாம். சொந்த ஏஎஸ்ஐஓ டிரைவரோடு வரும் ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட், மோட்டு எம்2 மாதிரி ஓர் இன்டர்ஃபேஸ் வாங்கி, அதிலுள்ள டைரக்ட் மானிட்டரைப் போட்டுப் பாடுங்கள். குரல் கம்ப்யூட்டருக்குள் போகாமலே ஹெட்போனுக்கு வந்துவிடும், பஃபர் 512 இருந்தாலும் தெரியாது. அந்த இன்டர்ஃபேஸ் நாளை மேக்கிலும் வேலை செய்யும், பிசியிலும் வேலை செய்யும்.