டால்ஃபினின் ஃபைபர் உடம்பு: விரிசல் அடைத்து ஓட்டிய அனுபவம்

சிபானி டால்ஃபின் என்ற பழைய ஃபைபர் கார் வைத்திருக்கிறேன் என்றால், "உங்களுக்கென்ன, துருவே பிடிக்காது" என்பார்கள். உடம்புக்குப் பிடிக்காதுதான். அடியில் இருக்கும் இரும்பு சேஸிஸுக்கு நன்றாகவே பிடிக்கும், அது தனிக் கதை. உடம்புக்கு வரும் வியாதி விரிசல். கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு இந்த வண்டியின் விரிசல்களை ஒவ்வொன்றாகச் சரிசெய்து, அப்புறம் சில வெயில்காலமும் மழைக்காலமும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். எந்த வேலை நின்றது, எது திரும்ப வாயைத் திறந்தது என்று இப்போது சொல்ல முடியும்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். இங்கிலாந்தின் ரிலையன்ட் கம்பெனி 1975-ல் கொண்டுவந்த கிட்டன் காரைத்தான் பெங்களூரில் சிபானி 1982-ல் டால்ஃபின் என்ற பெயரில் விற்க ஆரம்பித்தது. இரண்டு கதவு, 848 சிசி எஞ்சின், பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததும் குடும்பக்காரர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். எடை குறைந்த பின்சக்கர ஓட்டம் என்பதால் ராலி ஓட்டுகிறவர்கள் மட்டும் இதை விடவில்லை. உடம்பு முழுக்கப் பாலியெஸ்டர் ரெசினும் (இறுகிக் கெட்டியாகும் பிசின்) கண்ணாடி இழை மேட்டும் (இழைகளைப் பசையால் சேர்த்த விரிப்பு). போல்ட் போட்டு சேஸிஸ் மேல் உட்கார்ந்திருக்கும்.

என் கைக்கு வரும்போதே விரிசல்களெல்லாம் பட்டி பார்த்து மூடப்பட்டிருந்தன. பழைய ஓனர் செய்தது. டிங்கர் கடையில் தகரத்துக்குச் செய்வதையே ஃபைபருக்கும் செய்திருந்தார்கள்: மேலே சுரண்டு, பட்டி அடி, தேய், பெயிண்ட் அடி. பார்க்க அழகாக இருந்தது. நம் ஊர் வேகத்தடைகளைப் பற்றிச் சொல்ல வேண்டாம். ராயக்கோட்டை ரோட்டில் போய்வந்தாலே பட்டிக்குக் கீழிருந்து அதே கோடு அதே இடத்தில் எட்டிப் பார்த்துவிடும். பட்டிக்கு நிரப்பத்தான் தெரியும், இழுத்துப் பிடிக்கத் தெரியாது. அறுந்துபோனது இழை. இழைக்கு இழைதான் போட வேண்டும், அதுவும் உள்பக்கத்திலிருந்து.

ஓசூர் சிப்காட் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் பூங்காவுக்கு சறுக்குமரம், வேனுக்கு முன்பக்கம் எல்லாம் ஃபைபரில் செய்யும் ஒருவரைப் பிடித்தேன். கார் வேலை வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னார். "அண்ணே, பெயிண்ட் நான் பாத்துக்கறேன், நீங்க உள்ள மேட் மட்டும் போட்டுக் குடுங்க" என்ற பிறகுதான் வண்டியைச் சுற்றி வந்தார். ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று தெளிவாகக் கேட்கும், அடுக்கு விட்டுப்போன இடத்தில் 'பொத்' என்று கேட்கும். கண்ணுக்குத் தெரிந்த விரிசலைவிட, காதுக்குத் தெரிந்தது அதிகம்.

வேலையில் பாதி நேரம் சுரண்டுவதிலேயே போகும். சக்கர வளைவுக்கு உள்ளே கருப்பாகத் தார் பூச்சு அடித்திருப்பார்கள். அதன் மேல் ரெசின் ஒட்டாது. பழைய ஃபைபர் எப்போதோ முழுசாக இறுகி முடிந்தது, புது ரெசின் அதனோடு கரைந்து ஒன்றாகிவிடாது, சொரசொரப்பைப் பற்றிக்கொண்டுதான் நிற்கும். அதனால் ஏஜி ஃபோர் என்கிற கை கிரைண்டர் மிஷினில் 40 நம்பர் உப்புத்தாள் போட்டு, விரிசலின் இரண்டு பக்கமும் நான்கு விரல் அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்தோம். விரிசலின் முனையில் 3 மில்லிமீட்டர் துளை போட்டால் விரிசல் அதைத் தாண்டி ஓடாது. பிறகு அசிட்டோனால் துடைத்துக் காயவிட வேண்டும். மலிவு தின்னர் எண்ணெய்ப் பசையை விட்டுச்செல்கிறது என்று அவர் தொடவே மாட்டார். விரிசல் வழியாக நீர் இழைக்குள் ஏறியிருக்கும் என்பதால் மழைக்காலத்தில் இந்த வேலையை எடுக்கவே கூடாது என்பது அவர் கட்சி. நானும் இப்போது அந்தக் கட்சிதான்.

மேட்டை அவர் கத்தரியால் வெட்டவில்லை, கையால் கிழித்தார். வெட்டிய ஓரம் படிபோல் நிற்கும், கிழித்த ஓரம் மெலிந்து பழைய பரப்போடு சேர்ந்துவிடும். பிரஷ்ஷை இழுக்காமல் குத்திக் குத்தி ரெசினை இறக்கினார், அப்புறம் வரிப்பள்ளம் போட்ட இரும்பு ரோலரை உருட்டிக் காற்றை வெளியேற்றினார். ரெசினின் எடைக்கு 1 முதல் 2 சதவீதம் ஹார்டனர், அதுதான் ரெசினை இறுக வைப்பது. 25 டிகிரியில் இருபது நிமிடம் கைகொடுக்கும் கலவை, நம் ஏப்ரல் மதியத்தில் டப்பாவிலேயே சூடாகிக் கட்டியாகிவிடும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் இறுகும் நேரம் ஏறக்குறைய பாதி. ஆகவே விடிகாலையிலேயே ஆரம்பித்துவிடுவார்.

வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ரெசின் சீக்கிரம் இறுகச் சேர்க்கும், ஊதா நிறத்தில் வரும் கோபால்ட்டையும் ஹார்டனரையும் நேராக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் ஹார்டனர். சாதாரணத் துணி மாஸ்க் அந்த நெடியைத் தடுக்காது, கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும். தேய்க்கும் தூள் கையில் பட்டால் அரிப்பில் ராத்திரி தூக்கம் போச்சு. முழுக்கைச் சட்டையைக் கழற்றாதீர்கள்.

சரி, நின்றது எது?

முன் மட்கார்டு இரண்டும் நின்றன. உள்ளே சதுர மீட்டருக்கு 450 கிராம் கனமுள்ள மேட், வெளியே விரிசலை வி வடிவில் குடைந்து மெல்லிய மேட், அதற்கு மேல் பேருக்குத்தான் பட்டி. விரிசல் வரவே இல்லை. ஆனால் இடது பக்கத்தில், அடுத்த கோடையில் பெயிண்ட்டுக்குக் கீழே மேட்டின் இழைக் கோலம் தெரிய ஆரம்பித்தது. பாலியெஸ்டர் இறுகிய பிறகும் வாரக்கணக்கில் சுருங்கிக்கொண்டிருக்கும். பெயிண்டர் அவசரப்பட்டு உடனே ஃபினிஷிங் கோட் அடித்துவிட்டார். வலது பக்கத்தை பிரைமரோடு ஒரு கோடை முழுவதும் வெயிலில் விட்டு, திரும்பத் தேய்த்துப் பெயிண்ட் அடித்தோம். இன்றைக்கும் கண்ணாடி மாதிரி இருக்கிறது. பிரைமர் வண்டியோடு கல்யாணத்துக்குப் போக வீட்டில் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான்.

கதவுக் கீல் மாட்டும் இடத்துக்கு மட்டும் பாலியெஸ்டருக்குப் பதில் எபாக்சி என்ற வேறு வகை ரெசின் போட்டோம். கதவின் கனம் முழுவதும் தொங்கும் இடம் அது. எபாக்சி பிடிப்பும் அதிகம், சுருக்கமும் குறைவு. ஆனால் அதோடு சாதாரண மேட் போடக் கூடாது. மேட்டின் இழைகளைச் சேர்த்து வைத்திருக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீன் என்ற திரவத்தில்தான் கரையும், எபாக்சியில் கரையாமல் விறைப்பாக நிற்கும். அதனால் நெய்த கண்ணாடித் துணி. போல்ட்டுக்குப் பின்னால் ஒரு அலுமினியப் பட்டையையும் வைத்துவிட்டோம். செலவு நன்றாகவே கூடியது. கதவு தொங்கவில்லை என்பதால் அந்தப் பணத்துக்கு நான் வருத்தப்படவில்லை. வண்டி முழுக்க எபாக்சிதான் போட வேண்டும் என்று சிலர் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. மட்கார்டுக்கு அது வீண்.

நிற்காதது பின் இருக்கைக்குக் கீழே, உடம்பு சேஸிஸோடு போல்ட் ஆகும் மூலை. மேட் கனமாகப் போட்டும், பழைய விரிசலுக்கு ஓரமாகப் புதிதாக ஒன்று கிளம்பியது. பட்டறைக்காரர் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேட் மேல குத்தம் இல்ல சார். கீழ ரப்பரப் பாருங்க." உடம்புக்கும் சேஸிஸுக்கும் இடையில் இருந்த ரப்பர் வயசாகி ஓடுபோல் ஆகியிருந்தது. ஒவ்வொரு குழியின் அதிர்ச்சியும் நேராக அந்த மூலையில் இறங்கியிருக்கிறது. நான் போட்ட கெட்டியான ஒட்டு வளையாமல் நின்றதால், வளைவெல்லாம் ஒட்டின் ஓரத்துக்குப் போய் அங்கே பிளந்திருக்கிறது. இந்தப் பக்கத்து கிரஷர்களில் கழித்துப் போட்ட கன்வேயர் பெல்ட்டை வெட்டி வைக்கலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். அது ரொம்பக் கெட்டி. மெத்தென்ற ரப்பர் ஷீட்டை வெட்டி எல்லா மூலைக்கும் வைத்து, அகலமான வாஷர் போட்டு, போல்ட்டை ரப்பர் லேசாகப் பிதுங்கும் வரை மட்டும் முடுக்கினோம். பிறகு அதே இடத்துக்குக் கனம் குறைந்த மேட். தொப்பூர் கணவாய் வழியாக சேலம் போய் வந்தும் அந்த மூலை அசையவில்லை.

ஹெட்லைட்டைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி இருக்கும் நுண்கோடுகளை நான் தொடவில்லை. அவை மேல்பூச்சோடு நின்றுவிட்டவை, உள்ளே இழை நன்றாக இருக்கிறது. பின் கண்ணாடியின் மேல் மூலையில் மட்டும் சமீபத்தில் ஒரு கோடு கண்ணில் பட்டது. தட்டினால் சத்தம் தெளிவாகத்தான் கேட்கிறது. அதன் முனையில் பென்சிலால் தேதி குறித்திருக்கிறேன். கோடு அதைத் தாண்டினால் சீலிங் துணியைக் கழற்றி உள்ளிருந்து மேட் போட வேண்டும், தாண்டாவிட்டால் அடுத்த பெயிண்ட் வரை அப்படியே இருக்கட்டும்.