முன்பக்கம் 1000, பின்பக்கம் 300: மீன் எண்ணெய் மாத்திரை

ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டென்ட்டாக 20 வருடம் இருந்தவன் நான். இப்போது மகன் லடாக்கில். போன லீவில், "அப்பா, யூனிட்ல எல்லாரும் மூளைக்கு நல்லதுன்னு இதைப் போடுறாங்க, வாங்கவா?" என்றான். ஆன்லைனில் 60 மாத்திரை டப்பா, 649 ரூபாய், ஆளுக்கு ஒன்று வாங்கினேன்.

முன்பக்கம் பெரிய எழுத்தில் 1000 மில்லிகிராம். கண்ணாடி போட்டுப் பின்பக்கம் பார்த்தால் இபிஏ 180, டிஹெச்ஏ 120. நமக்கு வேண்டிய ஒமேகா-3 கொழுப்பு இந்த இரண்டும் சேர்ந்த 300தான். மூளைச் செல்லின் சவ்வில் சேர்வது டிஹெச்ஏ, அதுதான் இதில் குறைவு. எனக்கு இது கோபம். எல்லையில் நிற்கிற பையன் சம்பளத்தில் வாங்குகிறான், முன்பக்கத்திலேயே சொன்னால் என்ன?

வெறும் வயிற்றில் போட்டால் மீன் ஏப்பம் வருகிறது, சாப்பிட்ட பின் போட்டால் இல்லை. மறுபடி வாங்கிய டப்பா மே மாத வெயிலில் வந்தது. மாத்திரைகள் ஒட்டிக்கொண்டு, குத்திப் பார்த்தால் காறல் வாடை. பணம் திரும்ப நாலு தடவை போன் செய்தேன்.

நான் நிறுத்திவிட்டேன். 100 கிராம் மத்தி மீனில் இபிஏவும் டிஹெச்ஏவும் சேர்ந்து சுமார் 1 கிராம் இருக்கும், மூன்று மாத்திரைக்குச் சமம். வாரம் இரண்டு நாள் மத்திக் குழம்பு வைக்கிற வீட்டுக்கு இது வீண். மகனுக்கு அங்கே மீன் ஏது? அவன் தொடரட்டும். சைவம் சாப்பிடுகிற அவன் நண்பனுக்குப் பாசியிலிருந்து எடுத்த டிஹெச்ஏ வாங்கச் சொன்னேன். வால்நட், ஆளி விதையில் இருப்பதை உடம்பு கொஞ்சம்தான் டிஹெச்ஏவாக மாற்றும்.

லடாக்கின் லே நகரம் 11,500 அடி உயரத்தில். போனதும் 6 நாள் உடம்பைப் பழக்குவார்கள். அப்போது பசி செத்துப்போகும், தலை கனக்கும். அது ஆக்சிஜன் குறைவு, மாத்திரையால் தீராது. பிடிக்காவிட்டாலும் சாப்பிட வேண்டும்.

அடிபட்ட மூளையை இது சீராக்கும் என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. அமெரிக்க ராணுவத்துக்காக 2011இல் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ ஆலோசனை அமைப்பு தந்த அறிக்கை, கடுமையான தலைக்காயத்தில் 24 மணி நேரத்துக்குள் உணவூட்டத் தொடங்கு, இரண்டு வாரம் கிலோ எடைக்கு 1 முதல் 1.5 கிராம் புரதம் கொடு என்றது. மீன் எண்ணெயை இன்னும் ஆராயச் சொன்னது, அவ்வளவுதான்.

மாத்திரைக்கு 5-க்கு 3. தலையில் அடிபட்டால், இந்த மாத்திரை போட்டு வருவதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல் என்று மகனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.