கிளாக் ரூமில் வரி இல்லை, ஏர்போர்ட்டில் 18 சதவீதம்

ரயில் நிலையத்துக் கிளாக் ரூமில் பெட்டியை வைத்தால் ஜிஎஸ்டி கிடையாது. அதே பெட்டியை விமான நிலையத்தில் வைத்தால் 18 சதவீதம். இந்த முறை ஊருக்குப் போனதில் கல்யாணம், காதுகுத்து, குலதெய்வக் கோயில் எல்லாம் நல்லபடியாக முடிந்தன. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. இந்த 18 சதவீதம்தான் சிங்கப்பூர் வந்து சேர்ந்த பிறகும் தொண்டையில் நிற்கிறது.

காலையில் விமானம் இறங்குகிறது, ஊருக்கு ராத்திரிதான் ரயில். நடுவில் கிடைக்கும் பகலில் பெரியம்மாவைப் பார்த்துவிட்டுப் போவது எங்கள் வழக்கம். பெரியம்மா வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. இரண்டு பெரிய பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு அங்கே ஏற என் முதுகு இனி ஒத்துக்கொள்ளாது. அதனால் வெளியே வந்ததும் கண்ணில் பட்ட லக்கேஜ் கவுண்டருக்குப் போனேன். எந்த விமான நிலையம், யார் நடத்துகிற கவுண்டர் என்பது வேண்டாம். பலகையில் பெரிய எழுத்தில் கட்டணம் போட்டிருந்தது. அதைப் பார்த்து, சரியாக எண்ணி, நோட்டுகளை நீட்டினேன். கவுண்டரில் இருந்த பையன் வாங்கவில்லை. கால்குலேட்டரைத் தட்டிக் காட்டினான்.

"ஜிஎஸ்டி எக்ஸ்ட்ரா மேடம்."

பலகையை மறுபடி பார்த்தேன். அடியில், கண்ணாடி போட்டால்தான் தெரியும் அளவில், வரி தனி என்று இருந்தது. ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் 18 ரூபாய். பெரிய தொகை இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் பல வருடம் சிங்கப்பூரில் இருந்தவர்களுக்கு இது புரியும்: அங்கேயும் ஜிஎஸ்டி உண்டு, 1994இல் 3 சதவீதமாக ஆரம்பித்து 2024 ஜனவரியில் 9 சதவீதத்துக்கு வந்துவிட்டது. ஏறும்போதெல்லாம் நாங்களும் புலம்பத்தான் செய்கிறோம். ஆனால் சர்வீஸ் சார்ஜ் வாங்கும் ஓட்டல், உணவகம் போன்றவற்றை விட்டுவிட்டால், மக்களுக்குக் காட்டுகிற விலை வரியும் சேர்த்த விலையாக இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். பலகையில் என்ன இருக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு நடக்கலாம். நம் ஊரிலும் பிஸ்கட் பாக்கெட்டில் அச்சடித்த எம்ஆர்பியில் எல்லா வரியும் அடக்கம்தானே. அஞ்சு ரூபாய் பிஸ்கட்டுக்கு இருக்கிற ஒழுங்கு பெட்டி வைக்கிற இடத்தில் ஏன் இல்லை?

என் முகம் போன போக்கைப் பார்த்த பையன் சமாதானத்துக்கு இறங்கினான்.

"நீங்க ஃபாரின்தானே மேடம்? திரும்பிப் போறப்ப இந்த பில்லைக் காட்டுங்க. ஏர்போர்ட்லயே ரீஃபண்ட் குடுத்துடுவாங்க."

"எந்த கவுண்டர்ல?"

"உள்ள இருக்கும் மேடம். கேளுங்க, சொல்லுவாங்க."

இந்த "உள்ள இருக்கும்" என்கிற பதிலை நம் ஊரில் வளர்ந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பில்லை வாங்கிப் பத்திரப்படுத்தினேன். பில்லில் ஒரு குறையும் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். 33இல் தொடங்கும் ஜிஎஸ்டி எண், மத்திய வரி 9, மாநில வரி 9 என்று தனித்தனியாக, சேவைக்கான குறியீடு 996729. இந்தக் குறியீடு 'இதர கிடங்கு மற்றும் சேமிப்பு' வகையைச் சேர்ந்தது. அதாவது, கல்யாணப் புடவையும் மைலோ டின்னும் வைத்திருந்த என் பெட்டி, சட்டத்தின் கண்ணில் கிடங்குச் சரக்கு. இன்னொரு கூத்து, அரிசியைக் கிடங்கில் வைத்துப் பாதுகாக்கும் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. 2017 விலக்குப் பட்டியலிலேயே இருக்கிறது. உழவருக்கும் அரிசி வாங்கிச் சாப்பிடுகிறவருக்கும் பாரமாகக்கூடாது என்று வைத்த விலக்கு, நியாயமானதுதான். ஆனாலும் பெட்டிக்குப் பதில் மூட்டையாகக் கொண்டுவந்திருக்கலாமே என்று தோன்றாமல் இல்லை.

திரும்பும்போது கதை தலைகீழ். ரயில் விடியற்காலையில் கொண்டுவந்து விட்டது, விமானம் இரவில். ஏர்போர்ட் கவுண்டருக்கு இன்னொரு முறை மொய் எழுத மனமில்லை. ரயில் நிலையத்துக் கிளாக் ரூமுக்கே போனேன். சின்ன வயதில் அப்பா கூட வந்து நின்ற அதே மாதிரிக் கவுண்டர். அதே இரும்பு அலமாரி, அதே பினாயில் வாடை, சுண்ணாம்புக் கட்டியால் பெட்டி மேல் எண் எழுதும் அதே பழக்கம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்திருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: "டிக்கெட் காட்டும்மா. பூட்டு போட்டிருக்கா?"

ரசீதைப் பார்த்தால் கட்டணம் மட்டும்தான். வரி என்று ஒரு வரியும் இல்லை. சந்தேகம் வந்து, ஜிஎஸ்டி போடலையா என்று கேட்டுவிட்டேன். சும்மா இருந்திருக்கலாம், பின்னால் நின்றவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

"அதெல்லாம் 2024லயே எடுத்துட்டாங்கம்மா," என்றார் பெரியவர், அடுத்த பெட்டியை இழுத்தபடி.

அவர் சொன்னது அப்படியே உண்மை. 2024 ஜூன் 22 அன்று டெல்லியில் நிர்மலா சீதாராமன் தலைமையில் கூடிய 53ஆவது ஜிஎஸ்டி கவுன்சில் பரிந்துரைத்தது; ஜூலை 12இல் அறிவிக்கை வந்தது; ஜூலை 15 முதல் அமல். பிளாட்பாரம் டிக்கெட், ஓய்வறை, காத்திருப்பு அறை, கிளாக் ரூம், பேட்டரி கார் ஆகிய ஐந்துக்கும் விலக்கு. ஆனால் அந்த வாசகத்தைக் கவனித்துப் படிக்க வேண்டும்: ரயில்வே அமைச்சகம், அதாவது இந்திய ரயில்வே, தனிநபர்களுக்கு அளிக்கும் சேவை. பயணி பெட்டி வைப்பதற்கு விலக்கு என்று அது சொல்லவில்லை. ரயில்வே வைத்துக்கொண்டால் விலக்கு என்றுதான் சொல்கிறது. விமான நிலையத்தில் யார் கவுண்டர் நடத்தினாலும் அந்த வாசகத்துக்குள் வர மாட்டார்கள். ரயில் நிலையத்துக்கு வெளியே தனியார் ஒருவர் லாக்கர் வைத்தாலும் அப்படித்தான். அவருடைய ஆண்டு மொத்த வரவு (லாபம் அல்ல) 20 லட்சத்தைத் தாண்டாமல் இருந்தால் பொதுவாக ஜிஎஸ்டி பதிவே தேவையில்லை, அப்போது வரி கேட்கவும் முடியாது. ஆக ஒரே பெட்டிக்கு மூன்று விதமான கணக்கு. விமானத்தில் போகிறவன் வசதிக்காரன், கொடுக்கட்டும் என்கிற பழைய எண்ணம்தான் இதற்குப் பின்னால் இருக்கிறது என்று நினைக்கிறேன். கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறைக்கும் வந்துவிட்டு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊர் போகிற தம்பிகள் நிறைந்த விமானத்தில் ஒருநாள் ஏறிப் பார்த்தால் அந்த எண்ணம் மாறும்.

சரி, ரீஃபண்ட் விஷயத்துக்கு வருகிறேன். இரவு விமான நிலையத்தில், பையன் சொன்ன "உள்ள"வுக்குப் போய் விசாரித்தேன். தகவல் மேசையில் இருந்த பெண்ணுக்கு அப்படி ஒரு கவுண்டர் தெரியவில்லை. சுங்கத்துப் பக்கம் கை காட்டினார். அங்கே இருந்தவர் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "யாரும்மா சொன்னது?" என்று மட்டும் கேட்டார்.

இந்தியச் சட்டத்தில் சுற்றுலாப் பயணிக்கு வரியைத் திருப்பித் தரும் பிரிவு ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. 2017 ஐஜிஎஸ்டி, அதாவது ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி, சட்டத்தின் 15ஆவது பிரிவு. இந்தியாவில் வழக்கமாக வசிக்காதவர், ஆறு மாதத்துக்கு மிகாமல் தங்க வருபவர் என்று அதற்கு இலக்கணமும் எழுதிவைத்திருக்கிறார்கள். எழுதிவைத்ததோடு சரி, நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. கொண்டுவந்தாலும் என் பில்லுக்கு ஒன்றும் கிடைக்காது. அது நாட்டை விட்டு எடுத்துப் போகும் பொருளுக்கு மட்டும். பெட்டியைப் பகல் முழுக்க வைத்திருந்த சேவையை எப்படி எடுத்துப் போவது? சிங்கப்பூரிலும் இதே விதிதான்: ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் முஸ்தபா கடையில் 100 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் வாங்கிய பொருளுக்குச் சாங்கி விமான நிலையத்தில் வரியைத் திரும்பப் பெறலாம், ஓட்டல் அறைக்கும் டாக்சிக்கும் கிடையாது. ஆனால் அங்கே கவுண்டரில் நிற்கிற பையன் இல்லாத ரீஃபண்டைக் காட்டி யாரையும் அனுப்பிவைக்க மாட்டான். எனக்கு எரிச்சல் 18 சதவீதத்தில் பாதி, அந்தப் பையனின் தைரியத்தில் பாதி.

ஊரில் அப்பாவிடம் போனில் சொன்னேன். "வாட் போட்டானா?" என்றார். 2017 ஜூலையோடு அதெல்லாம் ஜிஎஸ்டிக்குள் போய்விட்டது, பெட்ரோல் மாதிரி சிலதுக்குத்தான் இன்னும் வாட் என்று விளக்கப் போனால், "எந்தப் பேர்ல எடுத்தா என்ன, எடுத்துட்டான்ல" என்று வைத்துவிட்டார்.

அடுத்து போகிறவர்களுக்கு: அன்றே ரயில் ஏறப் போவதாக இருந்தால் ஏர்போர்ட்டில் பெட்டியை வைக்காதீர்கள், நேரே ரயில் நிலையம் போய்விடுங்கள். டிக்கெட் கையில் இருக்க வேண்டும். பூட்டு முக்கியம். எனக்கு முன்னால் நின்றவர் ஜிப்பைப் பிளாஸ்டிக் டையால் கட்டி வைத்திருந்தார், பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. வெளியே போய்ப் பூட்டு வாங்கி வந்த பிறகுதான் ரசீது போட்டார்.