குல்மார்க்கில் ஒரு சீசன் வேலை: சம்பளத்துக்கு முன்னால் ரூமைக் கேளுங்கள்

நம்ம ஊரில் சீசன் என்றால் கார்த்திகை பிறந்ததும் ஐயப்ப சாமிமார் வண்டி வண்டியாக வந்து இறங்குவதுதான், பொங்கல் முடியும் வரை லாட்ஜில் யாருக்கும் சரியான தூக்கம் கிடையாது. கன்னியாகுமரியில் இரண்டு சீசன் அப்படி கிச்சனில் நின்றிருக்கிறேன். அந்தத் தைரியத்தில்தான் 2023 டிசம்பரில் காஷ்மீரில் குல்மார்க் போனேன். 18 ரூம் உள்ள சின்ன ஓட்டல், பனிச்சறுக்கு விளையாட வருகிறவர்களுக்கானது, எனக்குக் காலை டிபன் வேலை. மார்ச் வரை இருந்தேன். இப்போது தக்கலையிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் பிள்ளைகள் போகலாமா அண்ணே என்று கேட்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இது. வேலைக்கு 5-க்கு 4 கொடுப்பேன். எங்களைத் தங்கவைத்த இடத்துக்கு 1.

அந்த ரூமைப் பற்றி முதலில் சொல்கிறேன். கிச்சனுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட அறை, ஆறு பேர், நடுவில் ஒரு புகாரி. புகாரி என்பது விறகு போட்டு எரிக்கும் இரும்பு அடுப்பு, புகை குழாய் வழியாகக் கூரைக்கு மேலே போய்விடும். எரிந்தால் சொர்க்கம். ஆனால் எங்களுக்குக் கொடுத்த விறகு ராத்திரி பத்து மணிக்கே தீர்ந்துவிடும், அதற்கப்புறம் விடியும் வரை போட்டிருக்கிற ஸ்வெட்டரோடும் ஜாக்கெட்டோடும் கம்பளிக்குள் சுருண்டு கிடக்க வேண்டியதுதான். டிசம்பர் 21-லிருந்து 40 நாளை அங்கே சில்லை கலான் என்று சொல்கிறார்கள், குளிரின் உச்சம். தண்ணீர்க் குழாயை லேசாகச் சொட்டவிட்டுப் படுக்க வேண்டும், மூடிவிட்டால் காலையில் உள்ளேயே உறைந்து கிடக்கும். கை நடுங்குகிறதே என்று ஜன்னலை இறுக அடைத்துவிட்டுக் கரி நெருப்பை அறைக்குள் வைத்துத் தூங்கிவிடாதீர்கள், அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். இதை முதல் நாளே சொல்லித்தர வேண்டியது ஓட்டல்காரர்கள். எங்களுக்குச் சொன்னது கூட வேலை செய்த பாரமுல்லாக்காரர் ஒருவர்.

கிச்சன் வேலை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அம்மா கொடுத்துவிட்ட தேங்காய் எண்ணெய் போன அன்றே கல்லாகிவிட்டது, பாட்டிலை வெந்நீரில் நிறுத்தித்தான் எடுக்க வேண்டும். இட்லி மாவு நம்ம வீட்டில் ஒரு ராத்திரியில் பொங்கி வழியும், அங்கே வெளியே வைத்தால் அசையவே அசையாது. டைனிங் ஹாலில் இருந்த பெரிய புகாரிக்குப் பக்கத்தில், பழைய கம்பளி சுற்றி இரண்டு ராத்திரி வைத்தால்தான் புளிக்கும். குல்மார்க் 2,650 மீட்டர் உயரம், தண்ணீர் 91 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும், அதனால் இட்லி வேக நேரம் கூடுதலாகும், பருப்பைக் குக்கர் இல்லாமல் வேகவைக்க நினைக்கவே வேண்டாம். நல்ல விஷயம், காஷ்மீர்க்காரர்களும் நம்மைப் போல சோறு சாப்பிடுகிறவர்கள். ஹாக் என்று ஒரு கீரை, நிறைய சாறோடு, சுடுசோற்றில் ஊற்றிச் சாப்பிட்டபோது எனக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. நானும் பதிலுக்கு நெத்திலிக் கருவாடு வறுத்துக் கொடுத்தேன், இரண்டு பேருக்குப் பிடித்தது.

சம்பளம்தான் அடுத்த பிரச்சினை. 2024 ஜனவரியில் குல்மார்க்கில் பனியே இல்லை, சரிவெல்லாம் காய்ந்த புல். ரூம் புக் செய்தவர்கள் வரிசையாகக் கேன்சல் செய்தார்கள். ஓட்டலில் ஆள் இல்லை என்று எங்களுக்குப் பாதிச் சம்பளம். ஊரில் பேசும்போது இப்படி ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை, எழுத்திலும் எதுவும் இல்லை. மாதக் கடைசியில்தான் பனி கொட்டியது. பிப்ரவரியில் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டும் அங்கே நடந்தது, அப்போது ஒரு ரூம் காலி இல்லை, காலை நான்கரைக்கு எழுந்தால் ராத்திரி பதினொன்று. அந்த நாட்களுக்குக் கூடுதலாக எதுவும் தரவில்லை.

மத்தியானம் இரண்டு மணி நேரம் ஓய்வு கிடைக்கும், அதில்தான் சறுக்கக் கற்றேன். பூட்ஸ் கெட்டிப் பிளாஸ்டிக், கணுக்காலை அசைக்கவே விடாது. குளிருக்கென்று இரண்டு சாக்ஸ் போட்டால் இரத்த ஓட்டம் நின்று கால் இன்னும் மரத்துப்போகும், ஒன்று போதும். பலகைகளின் முன்நுனியைச் சேர்த்து, குதிகாலை அகற்றி, உடம்பை முன்னால் சாய்த்தால் வேகம் குறையும். பயந்து பின்னால் சாய்ந்தால் பலகை இழுத்துக்கொண்டு ஓடிவிடும், முதல் வாரம் முழுக்க எனக்கு அப்படித்தான். பத்தாவது நாள் சின்னச் சரிவில் விழாமல் கீழே வந்து நின்றபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முட்டம் கடற்கரையில் வளர்ந்தவனுக்கு இது கிடைக்கும் என்று யார் நினைத்தார்கள்?

போகிறவர்கள் கவனிக்க: நம்ம ஊர் ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டுக்கு மாற்றிவிட்டுக் கிளம்புங்கள், நான் ஐந்து நாள் வீட்டுக்குப் பேச முடியாமல் அம்மாவை அழவைத்துவிட்டேன். ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் கன்னியாகுமரியிலிருந்தே கிளம்புகிறது, மூன்று ராத்திரி ரயிலில்தான். நான் ஜம்முவில் இறங்கி பஸ்ஸில் உடம்பு நொந்து போனேன், 2025 ஜூனிலிருந்து அதே ரயிலில் கட்ரா வரை போய் இறங்கினால் அங்கிருந்து ஸ்ரீநகருக்கே ரயில் இருக்கிறது. ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் 50 கிலோமீட்டர் போல. பனி விழுந்த நாளில், வழியில் மலையடிவாரத்தில் இருக்கும் தங்மார்க்குக்கு மேலே டயரில் சங்கிலி கட்டிய வண்டிதான் ஏறும்.

அதே ஓட்டலிலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். விறகு ராத்திரி முழுக்க, பனி வந்தாலும் வராவிட்டாலும் முழுச் சம்பளம், இரண்டையும் எழுதி அனுப்பினால் டிக்கெட் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.